மூன்று படங்களும் முப்பத்தொரு நாள்களும்

போதைப்பழக்கத்தை மூளைக்குள் படம்பிடித்துக் காட்டும் அறிவியல், ஜொகூரின் மருந்தகங்களுக்கும் மறுவாழ்வு நிலையங்களுக்கும் சொல்வது என்ன?

கறுப்புப் பின்னணியில் அருகருகே மூன்று வட்டங்கள் தெரிகின்றன. முதல் வட்டத்தின் நடுவில் இரண்டு திட்டுகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கனன்று நிற்க, இரண்டாவதில் அதே இடம் மங்கிக் கிடக்க, மூன்றாவதில் அவிந்துபோன அடுப்பில் மீண்டும் தணல் பிடித்தாற்போல நிறம் திரும்பத் தொடங்குகிறது. மூன்றும் மனித மூளையின் குறுக்குவெட்டுப் படங்கள். முதலாவது மெத்தாம்பெட்டமினைத் தொடாதவருடையது. இரண்டாவது அப்பழக்கத்தை விட்டு ஒரு மாதமே ஆனவருடையது. மூன்றாவது, அதே மனிதர் 14 மாதங்கள் விலகியிருந்தபின் எடுக்கப்பட்டது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் நோரா வோல்கோவின் குழுவினர் எடுத்து 2001இல் வெளியிட்ட இப்படங்கள், போதைப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு, உறுப்பு ஒன்று பழுதுறுவதையும் அப்பழுது மெல்ல ஆறுவதையும் ஒருசேரக் காட்டியதால் உலகெங்கும் பரவின.

படத்தில் ஒளிர்வது டோபமின் கடத்திப் புரதத்தின் செறிவு. ஊக்கம், எதிர்பார்ப்பு, உடலியக்கம் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஒரு நரம்புச் செல் வெளியிட்டதும், எஞ்சியதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வது இப்புரதத்தின் வேலை. மெத்தாம்பெட்டமின் அந்த வாயிலைப் பின்னோக்கித் திறந்துவிட்டு டோபமினை வெள்ளமாக வெளியேற்றுகிறது; நெடுநாள் பயன்பாட்டில் வாயில்களின் எண்ணிக்கையே குறைகிறது. நெடிய விலகலுக்குப் பின் மீண்டும் படம்பிடிக்கப்பட்ட ஐவரிடம், மூளையின் அடியாழத்திலுள்ள வரியுடலத்தின் இரு பகுதிகளில் இப்புரதம் முறையே 19 விழுக்காடும் 16 விழுக்காடும் கூடியிருந்தது. ஆனால் நினைவாற்றலையும் கைகால் விரைவையும் அளந்த சோதனைகளில் அதே அளவு மீட்சி தெரியவில்லை என்பதையும் அக்கட்டுரை மறைக்காமல் பதிவுசெய்தது.

மெத்தாம்பெட்டமின் ஜொகூருக்கு அயலான பெயரன்று. 'சியாபு' என்றும் 'ஐஸ்' என்றும் மலேசிய நாளிதழ்களின் குற்றச்செய்திப் பக்கங்களில் அன்றாடம் அடிபடுவது அதுவே. மூன்று வட்டங்கள் உரைக்கும் செய்தி, மூவாரிலும் குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும் பிள்ளையையோ கணவரையோ இப்பழக்கத்துக்குப் பறிகொடுத்து நிற்கும் குடும்பங்களுக்கு எந்த வகையில் பயன்படும் என்பதும், அரசின் சட்டமும் மருத்துவமும் அச்செய்திக்கு எவ்வளவு தூரம் செவிசாய்த்துள்ளன என்பதும் இக்கட்டுரையின் கேள்விகள்.

அபினிக் குத்தகையிலிருந்து 1983 சட்டம் வரை

போதையும் ஜொகூரின் பொருளாதாரமும் நெடுங்காலம் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைதோறும் காம்பிர், மிளகுத் தோட்டங்களை நிறுவிய கங்சு முறையில், சீனத் தொழிலாளர்களுக்கு அபினி விற்கும் உரிமையும் சேர்ந்தே குத்தகைக்கு விடப்பட்டது. அவ்வருவாய் அரசின் தூண்களுள் ஒன்றாக இருந்தது. 1917இல் கங்சு முறை ஒழிந்தது. ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடையும் வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று என்பது, அக்கடைகள் யாருக்குப் பயன்பட்டன என்பதைத் தொழிலாளர்களே நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

1970களில் ஹெராயின் பரவியதும் நாடு தண்டனையின் மொழிக்கு மாறியது. 1983இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கு நேர்ந்த அச்சுறுத்தலாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி, சிறுநீர்ச் சோதனையிலும் மருத்துவச் சோதனையிலும் போதைச் சார்பு உறுதிப்பட்ட ஒருவரை நீதிபதி இரண்டு ஆண்டுகள் வரை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பில் வைக்கவும் முடிந்தது. அந்நிலையங்கள் அமைதியைக் குறிக்கும் 'செரெந்தி' என்னும் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவற்றின் ஒழுங்கு படைமுகாமின் ஒழுங்காகவே நெடுநாள் இருந்தது. ஊசிவழிப் போதை எச்.ஐ.வி. தொற்றைப் பெருக்கி, 2002இல் நாட்டின் புதிய தொற்றாளர் எண்ணிக்கையை ஏறத்தாழ 7,000க்குக் கொண்டுபோய் நிறுத்திய பிறகே கொள்கை அசைந்தது. 2005 அக்டோபரில், ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சை முன்னோட்டமாகத் தொடங்கியது; 2006இல் ஊசி மாற்றுத் திட்டம் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு ஆகிய மூன்று நகரங்களில் தொடங்கப்பட்டது.

கருவி பார்ப்பது எதை?

மூளையைப் படம்பிடிக்கும் முறைகள் பலவற்றுள் போதைப்பழக்க ஆய்வை உருமாற்றியவை இரண்டு. பெட் ஸ்கேன் எனப்படும் முதல் முறையில், மூளையின் குறிப்பிட்ட ஏற்பியிலோ புரதத்திலோ சென்று ஒட்டும் ஒரு மூலக்கூறோடு நுண்ணளவு கதிரியக்க அணுவைப் பிணைத்து நரம்புவழியே செலுத்துகிறார்கள். ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் பூட்டுப்போல அமைந்து, உரிய வேதிப்பொருள் சாவியாக வந்து பொருந்தும்போது செல்லைத் தூண்டும் அமைப்பு. கதிரியக்கச் சாவி எங்கெல்லாம் பொருந்தியது என்பதைச் சுற்றியுள்ள உணரிகள் கணக்கிட்டு வண்ணமாகத் தீட்டுகின்றன. ஏற்பிகளில் போதைப்பொருளோ மருந்தோ முன்பே அமர்ந்திருந்தால் கதிரியக்கச் சாவிக்கு இடமிராது, படம் மங்கும். ஆகவே எத்தனை பூட்டுகள் ஏற்கெனவே நிரம்பியுள்ளன என்பதைக்கூட விழுக்காட்டில் சொல்லிவிட முடிகிறது.

இரண்டாவது, செயல்சார் எம்.ஆர்.ஐ. சப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா 1990இல் விளக்கிய அடிப்படையில் எழுந்த இம்முறைக்குக் கதிரியக்கம் வேண்டியதில்லை. வேலை செய்யும் மூளைப் பகுதிக்குக் குருதி கூடுதலாகப் பாயும்போது பிராணவாயு ஏறிய குருதிக்கும் இழந்த குருதிக்கும் இடையிலுள்ள காந்தத் தன்மை வேறுபாட்டைப் பெருங்காந்தம் ஒன்று உணர்ந்துகொள்கிறது. நரம்புச் செல்லின் துடிப்பை அது நேரே பார்ப்பதில்லை, அத்துடிப்பைத் தொடர்ந்து சில நொடிகள் கழித்து வரும் குருதியோட்டத்தையே பார்க்கிறது என்பதை நினைவில் வைத்தால், பின்னால் வரும் எச்சரிக்கைகள் எளிதில் விளங்கும்.

பெட்டிச் செய்தி: நெடுஞ்சாலையில் கரையும் கதிர்

டோபமின், அபினி ஏற்பிகளைப் பார்க்கும் பெட் ஆய்வுகள் பலவற்றுக்குத் தேவைப்படும் கார்பன்-11 அணுவின் அரை ஆயுள் 20 நிமிடம். கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பயணம் 4 மணி நேரம் என்று கொண்டால், அதற்குள் 12 அரை ஆயுள்கள் கழிந்து 4,096இல் ஒரு பங்கே எஞ்சும். புற்றுநோய்ச் சோதனைக்குப் பயன்படும் ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே மிஞ்சும். எனவே கார்பன்-11ஐக் கொண்டு போதை ஏற்பிகளைப் படம்பிடிக்க விரும்பும் எந்த ஆய்வுக்கும் அணுவை உருவாக்கும் சைக்ளோட்ரான் கருவி ஸ்கேன் அறைக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். இவ்வகைப் படங்களுள் பெரும்பாலானவை மேலைநாட்டு மூளைகளுடையனவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூவாரில் நடந்த சோதனை

போதைப்பழக்கச் சிகிச்சை வரலாற்றில் ஜொகூருக்கு ஓர் இடம் உண்டு என்பதை ஜொகூர்வாசிகளே பரவலாக அறிந்ததாகத் தெரியவில்லை. 2008இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு, மூவாரிலுள்ள போதைப்பழக்கச் சிகிச்சை மையத்தின் மருத்துவர் மாமுட் மஸ்லானும், அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷாட்டன்ஃபெல்டு, மாரெக் சவார்ஸ்கி ஆகியோரும் இணைந்து நடத்தியது. ஹெராயின் பழக்கத்திலிருந்து நச்சுநீக்கம் செய்யப்பட்ட 126 பேர் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, 44 பேருக்குப் பியூப்ரெனார்ஃபின், 43 பேருக்கு நால்ட்ரெக்சோன், 39 பேருக்கு மருந்துப் பொருளற்ற போலி மாத்திரை என 24 வார காலத்துக்கு வழங்கப்பட்டன. அனைவருக்கும் ஒரே வகையான ஆலோசனை. யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், கொடுப்பவரும் அறியார்.

பியூப்ரெனார்ஃபின் அபினி ஏற்பியில் இறுகப் பொருந்தியும் அதனைப் பாதியளவே தூண்டும் மருந்து; அதனால் தவிப்பு அடங்கும், ஆனால் மயக்கம் எல்லை மீறாது. நால்ட்ரெக்சோன் அதே ஏற்பியை அடைத்துவிட்டு எவ்விதத் தூண்டலும் தராமல் இருந்துவிடும் மருந்து. முதல்முறை மீண்டும் ஹெராயினைத் தொடுவதற்கு ஆன நாள், முழுமையாகப் பழக்கத்துக்குத் திரும்ப ஆன நாள், இடைவிடாது விலகியிருந்த நாள் ஆகிய மூன்று அளவுகளிலும் பியூப்ரெனார்ஃபின் முதலிடத்திலும் போலி மாத்திரை கடைசியிலும் வந்தன. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய 22 மாதங்களில், இடைக்காலப் பகுப்பாய்விலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால், மற்றவர்களைப் பயன்குறைந்த சிகிச்சையில் வைத்திருப்பது முறையன்று என்று கருதி ஆய்வு நிறுத்தப்பட்டது. எச்.ஐ.வி. தொற்றக்கூடிய நடத்தைகளோ மூன்று குழுக்களிலும் குறைந்தன.

மூவாரில் யாருடைய மூளையும் படம்பிடிக்கப்படவில்லை. இருந்தும், அங்குக் கண்ட முடிவு ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கான விளக்கத்தை மூளைப் படங்களே அளிக்கின்றன. மார்க் கிரீன்வால்டின் குழுவினர் 2003இல் வெளியிட்ட பெட் ஆய்வில், ஹெராயின் சார்புடைய ஐவருக்குப் பியூப்ரெனார்ஃபின் வெவ்வேறு அளவுகளில் கொடுக்கப்பட்டு, அபினி ஏற்பிகளில் ஒட்டும் கதிரியக்கக் கார்ஃபென்டனில் செலுத்தப்பட்டது. 2 மில்லிகிராம் எடுத்தவர்களின் மூளையில் 41 விழுக்காட்டு ஏற்பிகளும், 16 மில்லிகிராமில் 80 விழுக்காடும், 32 மில்லிகிராமில் 84 விழுக்காடும் மருந்தால் நிரம்பியிருந்தன. 2 மில்லிகிராமிலிருந்து 16க்குப் போகும்போது நிரம்பும் ஏற்பிகள் இருமடங்காகின்றன. 16இலிருந்து 32க்கு மருந்தை இரட்டித்தாலும் கூடுவது நான்கு விழுக்காடே. மருந்தின் விலையையோ நோயாளி மீதுள்ள ஐயத்தையோ காரணம் காட்டி அளவைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் எங்கிருந்தாலும், அங்கே பாதிக்கு மேற்பட்ட பூட்டுகள் வெற்றாகத் திறந்தே கிடக்கின்றன என்பதையும், தெருவில் கிடைக்கும் ஹெராயின் அவற்றில் வந்து அமர இடமிருக்கிறது என்பதையும் இவ்வெண்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று மெத்தடோனையும் பியூப்ரெனார்ஃபினையும் பழிக்கும் குரல் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் முற்றத்திலும் காப்பிக்கடையிலும் ஒன்றுபோலவே கேட்கிறது. அப்பழிப்பு அக்கறையிலிருந்து பிறப்பதென்றாலும் பிழையானது. ஹெராயின் ஏற்பிகளைச் சில மணி நேரத்துக்குள் நிரப்பியும் வெறுமையாக்கியும் ஒரே நாளில் பலமுறை ஏற்றி இறக்குகிறது. சிகிச்சை மருந்து அவற்றை ஒரு நாள் முழுதும் நிலையாக வைத்திருக்கிறது. அந்நிலையில் ஒருவர் தொழிற்சாலைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் முடிகிறது.

பெட்டிச் செய்தி: நீரிணையின் இரு கரைகள்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே. 2006 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர், மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியதைக் கண்டு, பியூப்ரெனார்ஃபினைக் கடுந்தண்டனைக்குரிய 'ஏ' வகைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவிலும் அதே முறைகேடு காணப்பட்டது. இங்கோ, ஊசியில் ஏற்றினால் தவிப்பை உண்டாக்கும் நலோக்சோனைச் சேர்த்த கலவை மாத்திரைக்கு மாறும் வழி தெரிவுசெய்யப்பட்டது. ஒரு கரையில் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை மறுகரையில் சிறைக்கு அனுப்பும் பொருள். நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் ஜொகூர்வாசி சிகிச்சையில் இருந்தால், இவ்வேறுபாட்டை ஒவ்வொரு விடியலிலும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

31 நாள்கள், 352 நாள்கள்

மூன்று வட்டங்களைப் பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் முடிவு ஒன்று உண்டு: மூளை ஆற 14 மாதங்கள் வேண்டுமென்றால், போதை எட்டாத இடத்தில் அத்தனை மாதங்கள் ஒருவரை அடைத்துவைத்தால் போதுமல்லவா? 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கும் கிட்டத்தட்ட இதே நம்பிக்கையில் எழுந்ததுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு 2017இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது. கட்டாய மறுவாழ்வு நிலையங்களிலிருந்து வெளிவந்த 89 பேரும், தாமாக முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்ற நிலையங்களைச் சேர்ந்த 95 பேரும் பின்தொடரப்பட்டனர். கட்டாய நிலையத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் 31 நாள்களுக்குள் மீண்டும் அபினிவகைப் பொருளுக்குத் திரும்பினர். மற்றக் குழுவில் அதே பாதியை எட்ட 352 நாள்கள் ஆயின. இரு குழுக்களும் குலுக்கலால் பிரிக்கப்படவில்லை என்பதால், தாமாக வந்தவர்களின் மனவுறுதியும் வேறுபாட்டில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். எனினும், பதினொரு மடங்கைத் தாண்டிய இடைவெளியை மனவுறுதியைக் கொண்டு மட்டும் நிரப்பிவிட இயலாது.

மாதக்கணக்கில் போதையின்றி இருந்த மூளை ஒரே மாதத்தில் ஏன் சரிகிறது? மூன்று வட்டங்கள் காட்டாத ஒன்றைச் செயல்சார் எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. போதைப்பொருளோடு பிணைந்த காட்சிகள், அதாவது ஒரு சிகரெட் தாள், ஓர் ஊசி, பழைய கூட்டாளியின் முகம், குறிப்பிட்ட ஒரு சந்துமுனை, கண்ணில் படும்போது, விருப்பத்தையும் நினைவையும் ஆளும் பகுதிகள் கிளர்ந்தெழுகின்றன. மலாய்மொழியில் 'கியான்' என்று சொல்லப்படும் தீராத் தவிப்பு அப்போதுதான் பிறக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதில் மிகுந்த கலக்கத்தைத் தருவது. கொக்கெய்ன் பழக்கமுடைய 22 ஆண்களுக்குப் போதை தொடர்பான படங்கள் தலா 33 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம், காட்டப்பட்டன. தாம் ஒரு படத்தைக் கண்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாத அந்நேரத்துக்குள் அவர்களது மூளை அதனைக் கண்டு கிளர்ந்துவிட்டிருந்தது. உறுதி என்பது நனவில் எடுக்கப்படும் முடிவு. நனவை எட்டும் முன்பே தொடங்கிவிடும் ஒன்றை உறுதி கொண்டு மட்டும் எதிர்கொள்ளச் சொல்வது எத்தனை கடினமான கட்டளை என்பதை மகனைத் திட்டித் தீர்க்கும் தந்தையும் அறிதல் நலம்.

மறுவாழ்வு நிலையத்தின் வேலிக்குள் இக்காட்சிகள் இல்லை. ஆகவே மூளை அவற்றை மறப்பதற்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை. இடத்தின் ஆற்றலுக்கு எதிர்த்திசைச் சான்று ஒன்றும் இப்பகுதியிலிருந்தே கிடைத்துள்ளது. வியட்நாமில் போரிட்டு 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கு ஹெராயின் வகைப் பொருளுக்கு அடிமைப்பட்டிருந்தனர். லீ ராபின்ஸ் அவர்களைத் தேடிச்சென்று ஆராய்ந்தபோது, அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர்களுள் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தவர்கள் 5 விழுக்காடே. போதையைக் கற்ற காட்டையும் முகாமையும் நண்பர்களையும் ஒரு பெருங்கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு அவ்வீரர்கள் வீடு திரும்பினார்கள். மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவரும் இளைஞரோ எந்தச் சந்தில் கற்றாரோ அதே சந்துக்குத் திரும்புகிறார். அதுவும், பழகிய அளவைத் தாங்கும் ஆற்றலை உடல் இழந்துவிட்ட நிலையில் திரும்புகிறார் என்பதால், பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் அவரோடு வருகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால், காலம் மட்டும் மருந்தாகிவிடாது, ஏற்பிகள் மருந்தால் நிரம்பிய நிலையில், அதே சந்துமுனையைக் கடந்து வேலைக்குப் போய் வீடு திரும்பும் நாள்களே மூளைக்கு மறுபாடம் புகட்டுகின்றன என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. 2010 முதல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் கட்டாய நிலையங்கள் சிலவற்றைத் தன்விருப்பச் சிகிச்சை நிலையங்களாக மாற்றத் தொடங்கியது இத்திசையில் எடுத்துவைத்த அடி. ஆனால் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயப் பகுதி அதன்பின்னும் உயிரோடு இருந்தது.

மதுவும் பிள்ளைகளும்

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இவ்விவாதம் ஹெராயினோடும் சியாபோடும் நின்றுவிடக் கூடாது. தோட்டத்துக் கள்ளிலிருந்து மலிவுவிலைச் சம்சுவுக்கும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புற அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்த மது, சட்டம் அனுமதித்த பொருள் என்பதாலேயே ஆய்வாளர் பார்வைக்குப் பின்னால் நின்றுவிட்டது. 23 ஆய்வுக்கூடங்களின் எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, மது, புகையிலை, கொக்கெய்ன், மெத்தாம்பெட்டமின், கஞ்சா ஆகியவற்றுக்கு அடிமைப்பட்ட 2,140 பேரையும் அப்பழக்கமற்ற 1,100 பேரையும் ஒப்பிட்டு எனிக்மா கூட்டமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வில், மூளைத் திசுவின் குறைவோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது மதுவே. கடைத்தட்டில் வரிமுத்திரையோடு நிற்கும் போத்தல், மறைத்து விற்கப்படும் பொட்டலத்தைவிட மூளைக்கு மென்மையானது என்னும் எண்ணத்துக்கு அப்படங்களில் ஆதாரம் இல்லை.

எனினும் குறைவு குடியால் வந்ததா, முன்பே இருந்ததா? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் விவேக் பெனகலும் உடன் ஆய்வாளர்களும் இக்கேள்வியை எதிர்கொண்ட விதம் போற்றத்தக்கது. குடிநோய் மிகுந்த குடும்பங்களில் பிறந்தும் தாம் இன்னும் மதுவைத் தொடாத இளைஞர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அவ்விளைஞர்களின் மூளையில் தன்னடக்கத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய சில பகுதிகள் பிறரைவிடச் சிறுத்திருந்தன. அடங்காத் துறுதுறுப்பு, முன்யோசனையின்மை போன்ற இயல்புகளின் அளவோடு அச்சிறுமை ஒத்துச் சென்றது. முதல் மிடறு வாயில் படும் முன்பே வேறுபாடு இருந்திருக்கிறது என்றால், தடுப்புப்பணி தொடங்க வேண்டிய இடம் காவல்நிலையத்தைவிட மிக முன்னால், ஒருவேளை தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் மூன்றாம் வகுப்பில், உட்கார முடியாமல் தவிக்கும் சிறுவன் அடிவாங்கும் இடத்தில் இருக்கிறது. அச்சிறுவனின் எதிர்காலம் முடிவாகிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. குடிகாரத் தந்தையரின் பிள்ளைகளுள் மதுவைத் தொடாமலே வாழ்ந்தவர்களை ஒவ்வொரு லயமும் அறியும்.

படத்தின் எல்லை

மூளைப் படத்துக்கு ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. எண்களாகச் சொன்னால் ஐயுறுபவர் வண்ணமாகக் காட்டினால் நம்பிவிடுகிறார். அவ்வண்ணமோ கணினி தீட்டியது. பெரும்பாலும் அது ஒரு குழுவின் சராசரி மற்றொரு குழுவின் சராசரியிலிருந்து விலகும் அளவு. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இவர் அடிமைப்பட்டவர் என்றோ, இவர் மீண்டுவிடுவார் என்றோ கூறும் நிலையை மருத்துவம் இன்னும் அடையவில்லை. 2005இல் மார்ட்டின் பாலஸ் குழுவினர் மெத்தாம்பெட்டமின் பழக்கத்தை விட்ட ஆண்களைச் செயல்சார் எம்.ஆர்.ஐ.யில் பார்த்து, பின்னர் அப்பழக்கத்துக்குத் திரும்பிய 18 பேரில் 17 பேரையும் திரும்பாத 22 பேரில் 20 பேரையும் படத்தைக் கொண்டே சரியாகப் பிரித்தறிந்தபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் அம்முறை மருத்துவமனைச் சோதனையாகவில்லை. மூளையமைப்பையும் நடத்தையையும் இணைத்துச் சொல்லும் முடிவுகள் நிலைத்து நிற்க ஆயிரக்கணக்கானோரின் படங்கள் வேண்டும் என்று 2022இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

இன்னொரு எல்லை சொல்லில் இருக்கிறது. 1997இல் அமெரிக்கத் தேசியப் போதைப்பழக்க ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆலன் லெஷ்னர், போதைப்பழக்கம் ஒரு மூளைநோய் என்று எழுதியது, நோயாளியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கும் நோக்கத்தோடுதான். மலேசியத் தமிழ் நாளேடுகள் இன்னும் 'போதைப் பித்தர்' என்றே எழுதிவருகின்றன. பித்து என்ற சொல்லோடு பழுதுற்ற மூளையின் படமும் சேர்ந்துகொண்டால், மீளவே முடியாதவர் என்னும் முத்திரை இருமடங்காகக் குத்தப்பட்டுவிடும். மூன்று வட்டங்களில் இரண்டாவதை மட்டும் வெட்டியெடுத்துப் பள்ளிச் சுவரில் ஒட்டுவது இத்தகைய தீங்கையே செய்கிறது. மூன்றாவது வட்டத்தை மறைத்தால் அப்படம் பொய்சொல்லத் தொடங்குகிறது.

மலேசியர்களின் மூளையை மலேசியர்களே பார்த்த முயற்சிகள் அரியவை என்பதால், பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தர்ஷன் சிங் முதலானோரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட சிறு ஆய்வு குறிப்பிடத்தக்கது. கெத்தும் இலைச் சாற்றைத் தொடர்ந்து குடித்துவருவோரின் எம்.ஆர்.ஐ. படங்களை மற்றவர்களின் படங்களோடு ஒப்பிட்டபோது, மூளைப் பகுதிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதால் கெத்தும் தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டலாகாது. ஆய்வாளர்களும் இதனை முதற்கட்ட முயற்சி என்றே குறித்தனர். ஆயினும் அச்சத்தையும் வதந்தியையும் விலக்கிவைத்து, இந்நாட்டுக் கிராமத்தவர் அருந்தும் ஒரு பொருளை இந்நாட்டவரின் மூளையிலேயே தேடிப் பார்த்த துணிவு அதில் இருக்கிறது.

படங்கள் சிகிச்சைக்குப் புதிய வாயில் திறந்த இடமும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். பக்கவாதத்தால் மூளையின் மடிப்புக்குள் மறைந்துள்ள இன்சுலா என்னும் பகுதி சிதைந்த புகைப்பழக்கத்தார் சிலர் தவிப்பேயின்றிப் புகையை விட்டுவிட்டதை 2007இல் 'சயன்ஸ்' இதழ் வெளியிட்டது. அப்பகுதியோடு தொடர்புடைய நரம்புச் சுற்றைத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பால் தூண்டும் சிகிச்சைக்கு 2020இல் அமெரிக்கா புகைப்பழக்கத்துக்காக ஒப்புதல் அளித்தது. 262 பேர் பங்கேற்ற சோதனையில் 18 வாரத்தில் புகையை விட்டிருந்தோர் 19.4 விழுக்காடு, போலிச் சிகிச்சை பெற்றோரில் 8.7 விழுக்காடு. இருமடங்கு என்பது உண்மை. பத்தில் எட்டுப் பேருக்கு அது பயன்படவில்லை என்பதும் உண்மை.

மருந்தின் நேரமும் மருந்தகத்தின் நேரமும்

ஜொகூருக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய மூளைப் படம், விலையுயர்ந்த கருவி எதையும் வாங்காமலே கைக்குக் கிடைத்திருக்கிறது. கிரீன்வால்டின் குழு 2007இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டது; பத்துப் பேருக்கு 16 மில்லிகிராம் பியூப்ரெனார்ஃபினை நாள்தோறும் கொடுத்துப் பழக்கியபின் மருந்தை நிறுத்தி, நேரம் செல்லச் செல்லத் திரும்பத் திரும்பப் படம்பிடித்தார்கள். கடைசி மருந்துக்குப் பின் 4 மணி நேரத்தில் 70 விழுக்காட்டு ஏற்பிகளும், 28 மணி நேரத்தில் 46 விழுக்காடும், 52 மணி நேரத்தில் 33 விழுக்காடும், 76 மணி நேரத்தில் 18 விழுக்காடும் நிரம்பியிருந்தன. தவிப்பு எழாமல் இருக்க ஏறத்தாழ பாதி ஏற்பிகளாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று அவ்வாய்வு கணித்தது.

இவ்வெண்களை ஒரு நோயாளியின் நாளோடு பொருத்திப் பார்க்கலாம். இருள் பிரியும் முன்பே பேருந்தேறிப் பாலத்தைக் கடக்க வேண்டியவர், அலுவலக நேரத்தில் திறக்கும் அரசு மருந்தகத்துக்கு எப்போது வருவார்? தொழிற்பேட்டையில் 12 மணி நேர முறைவேலை பார்ப்பவருக்கு மேற்பார்வையாளர் நாள்தோறும் விடுப்புத் தருவாரா? லாபிஸ், மெர்சிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும் சேர்ந்து மருந்தின் விலையை எட்டிவிடாதா? நிலைபெற்ற நோயாளிகளுக்குச் சில நாள்களுக்கான மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறை சிகிச்சை நெறிமுறைகளிலேயே இருக்கிறது. அதனைத் தயக்கமின்றிக் கையாள்வதும், விடிகாலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் மருந்தகச் சாளரத்தைத் திறந்து வைப்பதும் சைக்ளோட்ரானைக் காட்டிலும் மிகமிக மலிவானவை. தீபாவளியோ நோன்புப் பெருநாளோ வார இறுதியை ஒட்டி வந்து மருந்தகம் தொடர்ந்து மூன்று நாள் மூடிக்கிடந்தால், முந்தைய நாள் காலை மருந்து அருந்திய ஒருவரின் மூளையில், சாளரம் மீண்டும் திறக்கும் காலை வேளைக்குள், பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பூட்டுகள் வெறுமையாகிவிட்டிருக்கும். அவ்வழியில் உள்ள சந்துமுனையோ மூன்று நாளும் திறந்தே இருந்திருக்கும்.